மலையில் முதல் வேலை: எது சட்டம், எது கம்பெனி விதி, எது வெறும் பழக்கம்?

நீலகிரியில் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே எல்லோரும் கேட்டுவிடுகிற பதில் ஒன்று உண்டு: "இங்க அப்படித்தான்." கோத்தகிரி பக்கத்து டீ ஃபேக்டரி ஆகட்டும், குன்னூர் ரிசார்ட் ஆகட்டும், ஊட்டி கமர்ஷியல் ரோட்டில் ஒரு கடை ஆகட்டும், பதில் மாறாது. ஏன் ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வைக்கிறீர்கள்? இங்க அப்படித்தான். பத்து நிமிஷம் லேட்டானால் ஏன் அரை நாள் சம்பளம் போகிறது? இங்க அப்படித்தான். கம்ப்யூட்டரில் ஏற்றிய அதே கணக்கை ஏன் மறுபடியும் பெரிய லெட்ஜரில் கையால் எழுத வேண்டும்? அதற்கும் அதே பதில்தான்.

இதைக் கேட்டுக் கேட்டு ஒன்று எரிச்சலில் வேலையை விட்டுவிடுகிறார்கள், இல்லையென்றால் நமக்கேன் வம்பு என்று பழகிப்போகிறார்கள். இரண்டுமே தேவையில்லை. ஃபேக்டரி அலுவலகத்திலும் அப்புறம் ஒரு தங்கும் விடுதியிலும் சம்பளப் பட்டியல் போட்டவன் என்ற முறையில் சொல்கிறேன், "ரூல்" என்று உங்களிடம் சொல்லப்படுவதில் பெரும்பாலானவை எந்தக் காகிதத்திலும் கிடையாது. எப்போதோ இருந்த மேனேஜர் ஆரம்பித்தது, அவர் போனபிறகும் ஓடிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். ஆகவே ஒரு விதி உங்களை உறுத்தினால் கோபப்படுவதற்கு முன் அது எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். சட்டமா, கம்பெனி எழுதி வைத்த விதியா, வெறும் பழக்கமா? சட்டம் என்றால் முதலாளியும் மாற்ற முடியாது. கம்பெனி விதி என்றால் அதில் கையெழுத்துப் போட்டவர் யாரோ ஒருவர் இருப்பார், அவரிடம்தான் பேச வேண்டும். பழக்கத்துக்கு மட்டும் சொந்தக்காரர் கிடையாது, அதை மாற்றுவதற்குத்தான் கொஞ்சம் சாமர்த்தியம் வேண்டும்.

சேருவதற்கு முன்பு

முதலில் கேட்க வேண்டியது அப்பாயின்ட்மென்ட் ஆர்டர். "சேருங்க தம்பி, ஆர்டர் மெதுவா தர்றோம்" என்பார்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் பணி நியமனக் கடிதம் கட்டாயம். பழைய 29 மத்தியச் சட்டங்களைச் சுருக்கி நான்காக்கியதுதான் இந்தத் தொகுப்புகள். ஆனால் சேருகிற அன்றைக்கே சட்டம் பேசிக்கொண்டு நிற்க முடியாது என்பதும் உண்மை. அதனால் இப்படிச் செய்யுங்கள். சேர்ந்த அன்று மாலையே மேனேஜருக்கோ ஹெச்.ஆருக்கோ வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி: "வணக்கம் சார். இன்று முதல் ஸ்டோர் கிளார்க்காக, மாதம் இவ்வளவு சம்பளத்தில், காலை 8 மணி ஷிஃப்டில் சேர்ந்திருக்கிறேன். வாய்ப்புக்கு நன்றி." அவர் "ஓகே" என்று போட்டாலே உங்கள் சேர்ந்த தேதியும் சம்பளமும் பதிவாகிவிட்டது. நன்றி சொல்கிற செய்தி என்பதால் யாரும் தவறாகவும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அடுத்தது ஒரிஜினல் சர்டிபிகேட். மலையில் இது ரொம்ப சகஜம், முக்கியமாக சமவெளியிலிருந்து வருகிற பிள்ளைகளிடம். சீசன் நடுவில் ஓடிவிடுவார்கள் என்ற பயம்தான் காரணம், அந்தப் பயம் முழுக்கப் பொய்யும் இல்லை, ஏப்ரலில் சேர்ந்து மே முதல் வாரத்தில் சொல்லாமல் பஸ் ஏறியவர்களை நானே பார்த்திருக்கிறேன். ஆனாலும் உங்கள் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் அவர்களுக்கு அடமானப் பொருள் அல்ல. "சரிபார்க்க ஒரிஜினலைக் காட்டுகிறேன், நானே கையெழுத்திட்ட ஜெராக்ஸ் தருகிறேன், மதிப்பெண் பட்டியல் டிஜிலாக்கரிலும் இருக்கிறது" என்று சொல்லிப் பாருங்கள், பல இடங்களில் அதோடு முடிந்துவிடும். அதற்கும் மசியாமல், உங்களுக்கும் அந்த வேலை அவசியம் என்றால், எந்தெந்தச் சான்றிதழ், எந்த எண், எந்தத் தேதியில் வாங்கினார்கள் என்று லெட்டர்பேடில் சீல் வைத்த ரசீது வாங்காமல் கையைவிட்டுத் தராதீர்கள். ரசீது கேட்டதும் "சரி, ஜெராக்ஸே போதும்" என்று இறங்கி வருவார்கள், எழுதிக் கொடுப்பதில் யாருக்கும் அவ்வளவு ஆசை கிடையாது.

பாண்ட், அதாவது இத்தனை காலம் வேலையை விடமாட்டேன் என்று எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தம் பற்றி ஒரு வார்த்தை. "பாண்ட் எல்லாம் கோர்ட்டில் செல்லாது" என்று நண்பர்கள் தைரியம் சொல்வார்கள், நம்பிவிடாதீர்கள். மூன்று வருஷத்துக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற ஒரு பொதுத்துறை வங்கியின் நிபந்தனையை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றே சொன்னது. எல்லா பாண்டும் செல்லும் என்று இதற்கு அர்த்தமில்லை, படிக்காமல் கையெழுத்துப் போடக்கூடாது என்றுதான் அர்த்தம். வெற்று முத்திரைத்தாளிலும் வெற்றுச் செக்கிலும் கையெழுத்துக் கேட்டால் அந்த இடமே வேண்டாம்.

தங்க இடம் தருகிறார்கள் என்றால் அறையைப் பார்த்துவிட்டுச் சேருங்கள். ஜன்னல் திறக்கிறதா, குளிக்கச் சுடுதண்ணீர் உண்டா, வாடகைக்கோ கரண்டுக்கோ சம்பளத்தில் பிடிப்பார்களா என்று மூன்றையும் கேட்டுவிடுங்கள். ஹீட்டர் போடக்கூடாது என்று பல ஸ்டாஃப் குவார்ட்டர்ஸில் விதி இருக்கும். குளிர் தாங்கவில்லை என்று கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடாதீர்கள். அந்தப் புகையில் தூக்கத்திலேயே உயிர் போனவர்கள் இந்த மலையில் உண்டு. இன்னொரு கம்பளி கேளுங்கள், தரவில்லையென்றால் வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் வாரம்: வருகைப் பதிவு

புதியவர்களுக்கு அதிகம் எரிச்சல் தருவது இதுதான். எஸ்டேட்டில் காலையில் பேரட்டு (ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுவது), ஃபேக்டரியில் கைரேகை மெஷின், கடையில் நோட்டு. சில இடங்களில் மூன்றும் சேர்ந்தே இருக்கும்.

கைரேகை மெஷின் மலைக்குச் சரிப்பட்டு வராத பொருள் என்பது என் அபிப்பிராயம். டிசம்பர், ஜனவரியில் காலை ஏழு மணிக்கு விரல் விறைத்து, தோல் வெடித்துக் கிடக்கும். டிரையர் பக்கத்திலும் இலை அள்ளுகிற இடத்திலும் வேலை செய்கிறவர்களுக்கு விரல் நுனி கறுத்து ரேகையே மங்கிப்போயிருக்கும். நான் இருந்த ஃபேக்டரியில் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு ஆணியில் ஈரத்துணி தொங்கும், வாட்ச்மேன் அண்ணன் போட்டுவைத்தது. வந்தவர்கள் அந்தத் துணியில் விரலைத் துடைத்து, வாயால் ஊதி, பேன்ட்டில் தேய்த்து, மறுபடி வைப்பார்கள், "மீண்டும் முயற்சிக்கவும்" என்று அது சிவப்பு விளக்குக் காட்டும். பின்னால் வரிசை நீளும். ஆறு ஐம்பதுக்குக் கேட்டுக்குள் வந்தவருக்கு மெஷினில் ஏழு ஆறு என்று ஏறும். மாசக் கடைசியில் அது லேட். மூன்று லேட் சேர்ந்தால் அரை நாள் பிடித்தம் என்று ஒரு கணக்கு.

இதற்குச் செய்ய வேண்டியது சின்ன விஷயம். மெஷின் எடுக்காத நாளில் செக்யூரிட்டி நோட்டில் நேரத்தோடு ஒரு வரி எழுதி, வாட்ச்மேனிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். அன்றைக்கே சூப்பர்வைசருக்கு ஒரு செய்தியும் போடுங்கள். மாசம் முடிந்து சம்பளம் குறைந்தபிறகு கத்துவதில் பிரயோஜனம் இல்லை, பட்டியல் போடுகிறவருக்கு அப்போது எதையும் திருத்த முடியாது. இருபத்தைந்தாம் தேதி வாக்கில், பட்டியல் மூடும் முன், "என் அட்டென்டென்ஸை ஒருதடவை பார்த்துக்கலாமா" என்று அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். கேட்டவர்களுக்கு நான் காட்டாமல் இருந்ததில்லை.

லேட்டுக்கு அரை நாள் பிடிப்பது சரியா? ஊதியச் சட்டத் தொகுப்பின்படி வேலைக்கு இல்லாத நேரத்துக்கு எவ்வளவோ அவ்வளவுதான் பிடிக்கலாம், அதற்கு மேல் பிடிக்க வழியில்லை. பத்து நிமிஷத்துக்குப் பத்து நிமிஷச் சம்பளம். அபராதம் என்று தனியாகப் போடுவதற்கும் கணக்கு உண்டு. எந்தெந்தத் தவறுக்கு அபராதம் என்று அரசின் ஒப்புதலோடு முன்கூட்டியே அறிவித்திருக்க வேண்டும், உங்கள் விளக்கத்தைக் கேட்க வேண்டும், அந்தச் சம்பளக் காலத்து ஊதியத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, 90 நாளுக்குப் பிறகு பிடிக்கவும் கூடாது. அரை நாள் பிடிக்கிற பழக்கம் இதில் எதற்குள்ளும் அடங்காது. இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், சேர்ந்த வாரமே போய்ச் சொல்லிக்காட்ட வேண்டாம்.

பஸ் விஷயத்தில் மட்டும் நிர்வாகத்தின் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. காட்டுமாடு ரோட்டில் நின்றது, கட்டபெட்டில் மரம் விழுந்தது, பர்லியாறில் மண் சரிந்து வண்டிகளைக் கோத்தகிரி வழியாகத் திருப்பிவிட்டார்கள் என்று தினம் ஒரு காரணம் வரும், பாதி உண்மை, பாதி இல்லை. உண்மையான நாளில் மாட்டிய இடத்திலிருந்தே ஒரு போட்டோ எடுத்து அனுப்பிவிடுங்கள். வாய்ச்சொல்லைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

சம்பளச் சீட்டு

சம்பளத்தைக் கையில் கொடுக்கலாம், பேங்கில் போடலாம், இரண்டும் சட்டப்படி சரிதான். சீட்டு தராமல் இருப்பதுதான் சரியில்லை. மாசச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் வந்தாக வேண்டும். சின்ன ஃபேக்டரிகளில் "குன்னூர் ஏலப் பணம் இன்னும் வரலை" என்பார்கள். ஏலத்தில் தூள் விலை இறங்கிக் கிடப்பது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அது முதலாளியின் வியாபாரக் கஷ்டம், உங்கள் சம்பளத் தேதிக்கு அதோடு சம்பந்தமில்லை.

சீட்டில் முதலில் பார்க்க வேண்டிய இடம் பி.எஃப். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்ததில் 12 சதவீதம் உங்களிடம் பிடிப்பார்கள், அதே அளவு நிர்வாகமும் கட்ட வேண்டும். பிடித்தது சீட்டில் இருக்கும், கட்டியது சீட்டில் தெரியாது. இதுதான் பலருக்கும் புரியாத இடம். மத்திய அரசின் உமங் செயலியில் உங்கள் யூஏஎன் எண்ணை (வேலை மாறினாலும் மாறாத உங்கள் பி.எஃப். எண்) கொடுத்துப் பாஸ்புக்கைத் திறந்தால் எந்த மாதத்துக்கு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தெரிந்துவிடும். இரண்டு மூன்று மாதமாக ஏறவில்லையென்றால் உடனே கேளுங்கள், ஒரு வருஷம் கழித்துக் கேட்டால் கணக்கும் பெருகிவிடும், பதில் சொல்ல வேண்டிய ஆளும் மாறியிருப்பார். முன்பே வேறு வேலையில் யூஏஎன் இருந்தால் அதையே கொடுங்கள், புதிதாக ஒன்று போடவிடாதீர்கள், பின்னால் இரண்டையும் இணைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) பிடிக்கிறார்கள் என்றால் கார்டைக் கேட்டு வாங்குங்கள். 21,000 ரூபாய் வரை சம்பளம் உள்ளவர்களுக்கு இது பொருந்தும், உங்கள் பங்கு 0.75 சதவீதம், அவர்கள் பங்கு 3.25. பணம் மட்டும் போய்க்கொண்டிருக்கும், கார்டு அலுவலக டிராயரில் தூங்கும், காய்ச்சல் வந்தபிறகுதான் ஞாபகம் வரும்.

ஓவர்டைம் சம்பளம் இரட்டிப்பு. மழைக்குப் பிறகு கொழுந்து வரத்து கூடும்போது ஃபேக்டரி ராத்திரியும் பகலும் ஓடும், அந்த வாரங்களில் யாரும் மணி பார்ப்பதில்லை. "டல் சீசன்ல சும்மாதானே இருந்தீங்க, அதுக்கு இது சரியாப்போச்சு" என்று கணக்கை நேர்செய்கிற பழக்கம் பல இடங்களில் உண்டு. சட்டத்தில் அப்படி ஒரு நேர்செய்தல் கிடையாது. உங்கள் ஃபோன் காலண்டரிலேயே வந்த நேரமும் போன நேரமும் போட்டு வையுங்கள், ஒரு நாளைக்கு அரை நிமிஷ வேலை. பந்தலூர், சேரம்பாடி பக்கம் ராத்திரி ஷிஃப்ட் என்றால் பணத்துக்கு முன்னால் வண்டியைக் கேளுங்கள். யானை நடமாடுகிற வழியில் டார்ச் அடித்துக்கொண்டு லைன் வீட்டுக்கு நடந்து போ என்று சொல்லும் உரிமை எந்த மேனேஜருக்கும் இல்லை.

லீவும் மழையும் சீசனும்

கலெக்டர் மழை விடுமுறை அறிவித்தால் அது பள்ளி, கல்லூரிகளுக்கு. உங்கள் கம்பெனிக்கு அல்ல. புதியவர்கள் டிவியில் பார்த்துவிட்டு வீட்டிலேயே இருந்து ஆப்சென்ட் வாங்கிக்கொள்கிறார்கள்.

தேசிய, பண்டிகை விடுமுறைகளுக்குத் தமிழ்நாட்டில் 1958-இலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 நான்கும் கட்டாயம், கூடவே பண்டிகைக்கு ஐந்து நாள். இதில் மே 1 ஊட்டி சீசனின் உச்சத்தில் வந்து விழும், எந்த ஹோட்டலும் அன்றைக்கு லீவு விடாது, விடவும் முடியாது. அதனால் நீங்கள் கேட்க வேண்டியது இரட்டைச் சம்பளம், இல்லையென்றால் அன்றைய சம்பளத்தோடு வேறு ஒரு நாள் மாற்று விடுமுறை. மாற்று விடுமுறை என்றால் தேதியை அப்போதே எழுதி வாங்குங்கள். "ஜூன்ல பார்த்துக்கலாம்" என்றால் ஜூனில் யாரும் பார்க்க மாட்டார்கள்.

கடைகளிலும் நிறுவனங்களிலும் ஒரு வருஷம் முடித்தவர்களுக்கு ஆண்டுக்கு 12 நாள் சம்பளத்துடன் கூடிய விடுப்பு, 12 நாள் தற்செயல் விடுப்பு, 12 நாள் நோய் விடுப்பு என்று தமிழ்நாடு கடைகள் சட்டம் சொல்கிறது. அதே சட்டத்தில் 2021-இல் ஒரு திருத்தம் வந்தது, வேலை செய்கிறவர்கள் உட்கார இருக்கை போட வேண்டும் என்று. ஜவுளிக்கடையிலும் சாக்லேட் கடையிலும் பன்னிரண்டு மணி நேரம் நின்றே இருக்கும் தங்கைகளுக்கு இதை யாரும் சொல்வதில்லை. ஸ்டூல் போட்டால் கஸ்டமர் முன்னால் மரியாதையாக இருக்காது என்று ஒரு ஓனர் என்னிடமே சொன்னார், கல்லாவில் உட்கார்ந்துகொண்டு.

தோட்டத்திலும் ஃபேக்டரியிலும் கணக்கு வேறு: 20 நாள் வேலைக்கு ஒரு நாள் சம்பள விடுப்பு. முன்பு ஃபேக்டரியில் இதற்கு வருஷத்தில் 240 நாள் வேலை தேவைப்பட்டது, புதிய தொகுப்பில் 180 நாள் போதும். பழைய ரைட்டர்கள் (கணக்கு எழுதுகிறவர்கள்) சிலர் இன்னும் 240-ஐத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

லீவு லெட்டரை இங்கிலீஷில்தான் எழுத வேண்டும் என்பது நான் பார்த்த பழக்கங்களிலேயே அர்த்தமில்லாதது. தமிழில் எழுதுங்கள். தேதி, காரணம், திரும்பும் நாள் இருந்தால் போதும்.

இன்னொரு பழக்கம் "பிரேக்". சில மாதத்துக்கு ஒருதடவை பத்து நாள் வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்திவிட்டு மறுபடி புதிதாகச் சேர்ப்பது. நிரந்தரம் கேட்டுவிடக்கூடாது என்பதற்காகத்தான். 24 மாதத்தில் 480 நாள் தொடர்ந்து பணியாற்றிய தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 1981-ஆம் வருஷச் சட்டம் இருக்கிறது. பருவத்துக்கு மட்டும் நடக்கிற நிறுவனங்களுக்கு அது பொருந்தாது. ஆனால் எங்கே வேலை செய்தாலும் நாட்கணக்கு உங்கள் கையில் இருக்க வேண்டும், செக்ரோல் என்கிற வருகைப் பதிவேடு அவர்கள் கையில்தானே இருக்கிறது.

பழைய பழக்கத்தை மாற்ற

சட்டத்தை மீறாத, ஆனால் அர்த்தமும் இல்லாத பழக்கங்கள்தான் ஆளை அதிகம் சோர்வாக்கும். இவற்றுக்குப் புகார் எழுதிப் பலன் இல்லை. யோசனை எழுத வேண்டும்.

ஒரு விடுதியில் நடந்ததைச் சொல்கிறேன். தலைமை அலுவலகம் சமவெளியில். யூனிஃபார்ம் எல்லாக் கிளைக்கும் ஒன்றுதான்: அரைக்கை மெல்லிய சட்டை. மேலே ஸ்வெட்டர் போடக்கூடாது, "பிராண்ட் லுக்" கெட்டுவிடுமாம். தலைகுந்தாவில் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கிற ஜனவரிக் காலையில் ரிசப்ஷன் பெண்கள் கையைக் கக்கத்தில் சொருகிக்கொண்டு "குட் மார்னிங் சார்" சொல்வார்கள். அடுத்த நிமிஷம் கெஸ்ட் இரண்டு ஜெர்க்கின் போட்டுக்கொண்டு வந்து நிற்பார். எல்லோரும் கேன்டீனில் திட்டித் தீர்த்தார்கள், பல வருஷமாக. ஒன்றும் நடக்கவில்லை, ஏனென்றால் அந்த விதியைப் போட்டவர் டிசம்பரில் மலைக்கே வந்ததில்லை.

மாற்றியது ஒரு பக்கக் கடிதம். கிட்டத்தட்ட இப்படி இருந்தது:

"மதிப்பிற்குரிய ஐயா, நவம்பர் முதல் பிப்ரவரி வரை இங்கே காலை வெப்பநிலை மிகக் குறைவாக இருப்பதால் ஊழியர்களுக்குச் சளி, காய்ச்சல் விடுப்பு அதிகமாகிறது. சென்ற டிசம்பரில் எடுத்த நோய் விடுப்புகளின் பட்டியலை இணைத்துள்ளோம். யூனிஃபார்ம் நிறத்திலேயே நிறுவன முத்திரையுடன் முழுக்கை ஸ்வெட்டர் தைக்க உள்ளூரில் வாங்கிய இரண்டு விலைப்புள்ளிகளும் இத்துடன் உள்ளன. இந்த நான்கு மாதங்களுக்கு மட்டும் அனுமதி அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்."

கவனித்துப் பாருங்கள், கடிதத்தில் புலம்பல் இல்லை. நிர்வாகத்துக்கு என்ன நஷ்டம், எவ்வளவு செலவு, எத்தனை மாதம் என்பதுதான் இருக்கிறது. விதியையே எடுக்கச் சொல்லவில்லை, நான்கு மாதத்துக்கு விலக்குக் கேட்டது. "சரி" என்று சொல்வதற்கு மேலே இருப்பவருக்கு எந்தச் சங்கடமும் இல்லாதபடி கேட்பதில்தான் விஷயம் இருக்கிறது. அனுமதி வந்துவிட்டது, ஆனால் தைப்பதற்குள் பிப்ரவரி ஆகிவிட்டது, அது வேறு கதை.

இரட்டை லெட்ஜர் மாதிரி விஷயங்களில் அணுகுமுறை கொஞ்சம் வேறு. முதலில் அந்த லெட்ஜரை யார் படிக்கிறார்கள் என்று கண்டுபிடியுங்கள். ஆடிட்டரா, டீ போர்டு ஆய்வுக்கா, முதலாளியின் அப்பாவா? பெரியவர்தான் மாலையில் வந்து புரட்டுகிறார் என்றால் அதை ஒழிக்க முயலாதீர்கள், அவர் பார்க்கிற இரண்டு பக்கத்தை மட்டும் பிரின்ட் எடுத்து ஃபைலில் வைத்துக் காட்டுங்கள். எழுத்தைப் பெரிசாக வையுங்கள். ஒரு மாதம் இரண்டையும் சேர்த்து நடத்தி இரண்டிலும் ஒரே கணக்கு வருகிறது என்று காட்டிவிட்டால் லெட்ஜர் தானாகவே அலமாரிக்குப் போய்விடும். யாருமே படிக்கவில்லை என்று தெரிந்தால் "இந்த மாசம் இதை நிறுத்திப் பார்க்கலாமா சார், யாராவது கேட்டால் மறுபடி எழுதிவிடுகிறேன்" என்று கேளுங்கள். பழைய ரைட்டர் அண்ணனைத் தாண்டிக்கொண்டு மட்டும் போகாதீர்கள். அந்த லெட்ஜர் முப்பது வருஷமாக அவருடைய கையெழுத்து, உங்கள் யோசனையை அவர் வாயால் சொல்லவைத்தால் பாதி வேலை முடிந்தது.

சொல்லியும் கேட்காவிட்டால்

சம்பளம், பி.எஃப்., பாதுகாப்பு போன்ற விஷயங்களில் யோசனை எல்லாம் செல்லாது, இங்கே புகார்தான். முதலில் நேரில் சொல்லுங்கள். ஒரு வாரம் பாருங்கள். அப்புறம் எழுத்தில் கொடுங்கள், இரண்டு பிரதி, ஒன்றில் "பெற்றுக்கொண்டேன்" என்று தேதியோடு கையெழுத்து. வாங்க மறுத்தால் அதே கடிதத்தை ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதை பத்திரமாக வையுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் குன்னூரில் தொழிலாளர் துறை அலுவலகம் இருக்கிறது, மனுவோடு ஆர்டர், சம்பளச் சீட்டு, வாட்ஸ்அப் செய்திகளின் பிரதிகளை வைத்துக் கொடுங்கள். திங்கள்கிழமை உதகையில் கலெக்டரின் மக்கள் குறைதீர்க்கும் நாளிலும் கொடுக்கலாம், 1100 என்ற முதல்வர் உதவி எண்ணிலும் பதியலாம். மனுவில் ஒரு விஷயம் மட்டும் எழுதுங்கள். ஐந்து வருஷக் குறையெல்லாம் ஒரே மனுவில் எழுதினால் படிக்கிற அதிகாரி எதைப் பிடிப்பது என்று தெரியாமல் ஓரமாக வைத்துவிடுவார்.

தொழிற்சங்கம் இருக்கிற இடமென்றால் தலைவரிடம் முதலில் பேசுங்கள், எஸ்டேட்டுகளில் அவர் ஒரு வார்த்தை சொன்னாலே முடிகிற காரியங்கள் பல உண்டு. பெண்களுக்கு மேலதிகாரியாலோ கூட வேலை செய்பவராலோ தொந்தரவு என்றால் இந்தப் படிக்கட்டு எதுவும் தேவையில்லை. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும், இல்லையென்றால் மாவட்ட அளவிலான குழுவிடம் நேராகப் போகலாம். 2013-ஆம் வருஷச் சட்டம் அது.

கோபத்தில் செய்யக்கூடாத ஒன்று இருக்கிறது. "நாளைக்கு ஒருத்தரும் வரவேண்டாம், பார்க்கலாம்" என்று வாட்ஸ்அப் குரூப்பில் யாராவது கிளப்புவார்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ பேசி வைத்துக்கொண்டு, முன்னறிவிப்பும் தகுந்த காரணமும் இல்லாமல் வராமல் இருந்தால், வேலை ஒப்பந்தத்தில் அப்படி நிபந்தனை இருக்கும் இடத்தில் எட்டு நாள் சம்பளம் வரை பிடிக்கச் சட்டம் இடம் தருகிறது. பாதிப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து ஒரே நாளில் தற்செயல் விடுப்புப் போட்டாலே புதிய தொகுப்பில் அது வேலைநிறுத்தம், அதற்கு 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். குரூப்பில் கிளப்பியவரே அன்றைக்கு முதல் ஆளாக வேலைக்கு வந்து நிற்பதும் நடக்கும்.

கிளம்பும்போது

வேறு வேலை கிடைத்துவிட்டால் சொல்லாமல் பஸ் ஏறாதீர்கள். ஆர்டரில் உள்ள நோட்டீஸ் நாட்களைப் பார்த்து ராஜினாமாவை எழுத்தில் கொடுங்கள், மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ ஒரு பிரதி. சீசன் நடுவில் என்றால் ஒரு வாரம் கூட இருந்து ஆள் பழக்கிக் கொடுத்துவிட்டுப் போவது நல்லது, மலையில் எல்லா மேனேஜர்களும் ஒருவருக்கொருவர் ஃபோன் போட்டுப் பேசிக்கொள்கிறவர்கள். குவார்ட்டர்ஸ் சாவி, கம்பளி, யூனிஃபார்ம் எல்லாவற்றையும் ஒப்படைத்து ஒரு சீட்டு வாங்குங்கள், இல்லையென்றால் ஆறு மாதம் கழித்து ஒரு கம்பளியின் விலை உங்கள் கணக்கில் ஏறியிருக்கும். ராஜினாமா செய்தாலும் நீக்கினாலும் பாக்கிச் சம்பளத்தை இரண்டு வேலைநாளுக்குள் தர வேண்டும் என்கிறது புதிய தொகுப்பு. "ஹெட் ஆபீஸ்ல இருந்து செட்டில்மென்ட் வர மூணு மாசம் ஆகும்" என்பது பழைய பாட்டு. ஐந்து வருஷம் முடித்தவர்கள் கிராஜுவிட்டியையும் சேர்த்துக் கேளுங்கள், வருஷத்துக்கு 15 நாள் சம்பளம், மாதத்தை 26 நாளாக வைத்துக் கணக்கிடுவார்கள்.

கடைசியாக பி.எஃப். கணக்கில் நீங்கள் விலகிய தேதி. அதைக் கம்பெனி ஏற்றாமல் விட்டால் பணம் எடுக்கவும் முடியாது, புது வேலைக்கு மாற்றவும் இழுபறி. பழைய அலுவலகத்துக்கு ஃபோன் மேல் ஃபோன் போட்டுக் கெஞ்ச வேண்டாம், கடைசியாகப் பணம் கட்டிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழிந்தபிறகு யூஏஎன் தளத்தில் உள்ளே போய் நீங்களே அந்தத் தேதியைப் பதிவு செய்யலாம். ஆதாரோடு இணைத்த ஃபோன் எண் அப்போதும் உங்களிடம் இருக்க வேண்டும், ஓ.டி.பி. அதற்குத்தான் வரும். ஒருதடவை ஏற்றிய தேதியைப் பின்னால் திருத்துவது லேசில் நடக்காது, அதனால் கடைசிச் சம்பளச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிதானமாகப் போடுங்கள்.